மனச்சோர்வுக் குளிகைகளின் குணமும் குற்றமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





இன்றைய கூட்டத்திலே பேசவேண்டுமென்று காரியதரிசி அண்ணன் என்னைக் கேட்டபோது, விஷயத்தை நானே தெரிந்தெடுக்கலாம் என்றும் சொன்னார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளைப்பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அண்ணன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "தம்பி, வேறொரு விஷயமும் அகப்படவில்லையா?" என்று கேட்டார். பிறகு, "சரி, பேசு. பெரியவர்கள் வந்திருப்பார்கள், பார்த்துப் பேசு" என்றார். பார்த்துத்தான் பேச எண்ணுகிறேன். ஆனால் அண்ணன் மௌனமாயிருந்த அந்தச் சிறிது நேரமே இன்றைய என் பேச்சில் பாதி என்பதை அவர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வைத்திய மாணவன் அல்லன். மிஷன் பாடசாலையொன்றிலே படித்துவிட்டு இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயில்பவன். ஆகவே நான் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒருவரும் தமது குளிகையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அது உங்கள் வைத்தியருடைய வேலை. அவரிடம் எதைக் கேட்கவேண்டும், அவருக்கு எதைச் சொல்லவேண்டும் என்பதை எடுத்துக் காட்டுவது மட்டுமே என் உத்தேசம்.

இரசாயன மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் தாயாரின் தங்கை, எனக்குச் சின்னம்மா, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 2016ஆம் ஆண்டு வைகாசி மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் ஆழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வெள்ளத்தில் அவருடைய இரண்டு தையல் யந்திரங்களும் போயின. அடுத்த வருஷம், 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் சத்தம் கேட்ட நாள் முதலாய்ச் சின்னம்மாவுக்கு நித்திரை இல்லை. சாப்பாட்டில் விருப்பமில்லை. அடுப்படியில் நின்றபடியே ஒன்றும் செய்யாமல் அரை மணித்தியாலம் நிற்பார். கூப்பிட்டால் கேளாது. பின்னர் எப்படியோ தேறினார். எப்படித் தேறினார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கோயிலுக்கு நேர்த்தி வைத்ததனால் தேறினார் என்று பாட்டி சொன்னார். நாங்களும் அதை நம்பினோம்.

பிறகு 2022ஆம் ஆண்டு வந்தது. நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லாமற் போய், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த வருஷத்திலே மருந்துகளும் கிடையாமற் போயின. அவ்வருஷத்தில் ஒரு நாள் சின்னம்மா எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறது என்றார். கண்ணைத் திருப்பினால் தலைக்குள்ளே கரண்ட் அடிப்பதுபோல இருக்கிறது என்றார். வாந்தி. இரவிலே பயங்கரக் கனவுகள். காரணமின்றி அழுகை. அயல்வீட்டு அம்மா ஒருவர் இது செய்வினை என்று நூல் கட்டினார். ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் தலைச்சுற்றுக்கும் வாந்திக்கும் மருந்து தந்தார். அவரைக் குறைசொல்ல இடமில்லை. நாங்கள் சொன்னது தலைச்சுற்றும் வாந்தியும்தானே. ஏறக்குறைய இரண்டு கிழமை இப்படிப் போயிற்று. ஒரு நாள் என் தாயார் பருப்பு டின்னுக்குப் பின்னாலே ஒரு வெறும் ஹோர்லிக்ஸ் போத்தலைக் கண்டெடுத்தார். அதற்குள்ளே வெறுமையான குளிகைத் தாள்களும், நான்காக மடித்த ஒரு மருந்துச் சீட்டும் இருந்தன.

ஐந்து வருஷமாகச் சின்னம்மா மனச்சோர்வுக்கு வென்லபக்சீன் என்னும் குளிகை எடுத்து வந்திருக்கிறார். அது கடைகளில் தீர்ந்துபோனதும், ஒருவருக்கும் சொல்லாமல் ஒரே நாளில் நின்றுவிட்டது. போத்தலையும் சீட்டையும் கொண்டுபோய் வேறொரு வைத்தியரிடம் காட்டினோம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எப்போது நிறுத்தினீர்கள்?" மருந்தைத் தேடிப் பிடித்து மறுபடி தொடங்கிய சில நாளிலே அந்தத் தலைச்சுற்று அடங்கிற்று.

இதை இந்த மேடையிலே சொல்லலாமா என்று சின்னம்மாவிடமே கேட்டேன். "சொல்லு. பெயரை மட்டும் சொல்லாதே" என்றார்.

அந்த இரண்டு கிழமையும் அவரை வாட்டியது எது? மருந்தின் குற்றம் பாதி என்பேன்; ஒளித்து வைத்ததன் குற்றம் மற்றப் பாதி. இந்த மருந்துகளிலே குற்றமே இல்லையென்று வாதாட நான் வரவில்லை. குற்றங்கள் உண்டு, சில பெரிய குற்றங்களும் உண்டு. ஆனால் அவற்றில் அநேகம் முன்கூட்டியே அறியக்கூடியவை, சொன்னால் தடுக்கக்கூடியவை. சொல்லாதபோதுதான் அவை ஆளை விழுத்துகின்றன.

நிற்க. இம்மருந்துகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று சொல்லவேண்டும். கதை சுவையானது. 1952ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்ரேற்றன் தீவிலே, சீ வியூ என்னும் ஆஸ்பத்திரியில், கசநோயாளருக்கு இப்ரோனயசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். நடனமாடவும் செய்தார்கள் என்று பத்திரிகைகள் படம் போட்டன. நெஞ்சிலுள்ள வியாதி முற்றாய்த் தீருமுன்னரே மனம் தெளிந்துவிட்டது. கசத்துக்குக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு அது. 1957இல் நேதன் கிளைன் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் அதையே மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். அதே ஆண்டில் சுவிற்சலாந்திலே றோலன்ட் கூன் என்பவர், வேறொரு மனவியாதிக்குப் பயன்படுமோவென்று பார்த்த இமிப்பிறமீன் என்னும் மருந்து மனச்சோர்வுள்ளவர்களையே தேற்றுகிறது என்று கண்டு வெளியிட்டார். ஆக, பக்கவிளைவைப்பற்றி நாம் பயப்படும் இந்த மருந்து வர்க்கமே ஒரு பக்கவிளைவாகப் பிறந்ததுதான். (இப்ரோனயசிட் ஈரலைக் கெடுக்கிறதென்று கண்டபின் அமெரிக்காவிலே அதனை விலக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.)

இப்ரோனயசிட்டின் வர்க்கத்தைச் சேர்ந்த மருந்துகளை எடுத்தவர்களில் சிலருக்குத் திடீரென்று தலை பிளக்கும் வலியும் இரத்த அழுத்தமும் ஏறின. சிலர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தும் போயினர். காரணம் பெரிய பெரிய வைத்தியர்களுக்கும் பிடிபடவில்லை. லண்டனிலே பாரி பிளாக்வெல் என்னும் இளம் வைத்தியர் இதைப்பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். அதை வாசித்த றோ என்னும் மருந்தாளர் ஒருவர் நொட்டிங்ஹாம் நகரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போட்டார். 'என் மனைவி இந்த மருந்தை எடுக்கிறாள். சீஸ் சாப்பிட்ட இரண்டு தடவையும் அவளுக்கு இந்தத் தலைவலி வந்தது. வெண்ணெயும் பாலும் ஒன்றும் செய்யவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமோ?' என்பது அக்கடிதத்தின் கருத்து. பிளாக்வெல்லும் அவருடைய சகாக்களும் முதலில் சிரித்தார்களாம். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது அதுவே உண்மையாயிற்று. 1963இல் அதை வெளியிட்டார். பழைய சீஸில் தைரமீன் என்றொரு பொருள் உண்டு. சாதாரணமாக நமது குடலும் ஈரலும் அதைச் சிதைத்துவிடும். இந்த மருந்தோ அவ்வாறு சிதைக்கும் நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. அப்போது தைரமீன் நேரே இரத்தத்திற் கலந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். நாம் பாணிலே பூசிச் சாப்பிடும் மார்மைற்றிலும் அது உண்டு. ஊறிப் புளித்த பண்டங்கள் பலவற்றிலும் உண்டு. இந்த வர்க்கத்து மருந்துகளை இக்காலத்திலே மிக அரிதாகவே கொடுக்கிறார்கள். ஆகவே நாளைக் காலை மார்மைற் போத்தலைத் தூக்கி எறியவேண்டாம். நான் இதைச் சொன்ன காரணம் வேறு. லண்டனிலே வைத்திய நிபுணர்களால் காணமுடியாததை ஒரு புருஷன் தன் வீட்டு மேசையிலே கண்டான். மனைவி எடுப்பது என்ன மருந்தென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டிலே அது ஒருவருக்கும் தெரியவில்லை.

இனி, நமது வீடுகளில் உள்ள மருந்துகளுக்கு வருவோம். அமிற்றிப்ரிலீன் என்பது பழைய மருந்து. விலை குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலிலேயே அது இடம் பெற்றது. இங்குள்ள பெரியவர்கள் சிலர், 'அது பைத்தியக்கார மருந்து, எங்களுக்கு எதற்கு' என்று எண்ணக்கூடும். ஐயா, அம்மா, நீரிழிவினால் இரவிலே கால் எரிகிறது என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ கிளினிக்கிலே சொன்னபோது, படுக்கப்போகும்போது போடும்படி ஒரு சின்னக் குளிகை தந்தார்களானால் அது இதுவாகவே இருக்கக்கூடும். சிறிய அளவிலே அது நரம்பு வலிக்கும் மருந்து. வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அறிந்திருக்கவேண்டும்.

ஏனெனில் அதன் குணங்கள் வயோதிபருக்கு விசேஷமாகத் தொந்தரவு தருபவை. வாய் உலரும். மலம் கட்டும். கண் மங்கும். எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரவிலே சலம் கழிக்க எழும்பும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படியும் நேரும். புரோஸ்தேற்றுச் சுரப்பி வீங்கிய ஆண்களுக்குச் சலம் அடைத்துப் போகலாம். கண்ணிலே அழுத்த வியாதி உள்ளோருக்கும் இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளோருக்கும் இதைக் கொடுக்குமுன் வைத்தியர் யோசிப்பார். யோசிப்பதற்கு அவருக்கு அந்த வியாதி இருப்பது தெரியவேண்டும். தூக்கமும் வரும். முச்சக்கரவண்டி ஓட்டும் நண்பர்களும், சுங்கப் பகுதிக் களஞ்சியத்துக்குக் கொள்கலன் லொறி ஓட்டும் நண்பர்களும் இதைக் கவனிக்க. இரவுக் குளிகையின் மயக்கம் காலையிலும் சிலருக்கு நிற்கும். அதன்மேலே சாராயமும் சேர்ந்தால் நான் சொல்லத் தேவையில்லை.

1987இல் புளுவொக்செற்றீன் அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. அதற்கு முன்னரே, 1982இல், சுவீடனிலிருந்து சிமெலிடீன் என்றொரு மருந்து இதே மாதிரியில் வந்து, சிலருக்கு நரம்பு வாதம் உண்டாக்கியதனால் அடுத்த ஆண்டே மீட்கப்பட்டது. புளுவொக்செற்றீனுக்குப் பின்னால் சேர்ட்ரலீன், பறொக்செற்றீன், சித்தலோப்பிராம், எஸ்சித்தலோப்பிராம் என்று ஒரு குடும்பமே வந்துவிட்டது. இன்று கிளினிக்குகளிலே மனச்சோர்வுக்கு முதலில் எழுதுவது பெரும்பாலும் இக்குடும்பத்தில் ஒன்றைத்தான். பழையவற்றோடு பார்த்தால் இருதயத்துக்கும், தவறி அதிகம் விழுங்கியவர்களுக்கும் இவற்றால் ஆபத்துக் குறைவு. அப்படியென்று குற்றமற்றவையல்ல.

முதற் கிழமையிலே குமட்டல், தலைவலி, ஒருவகைப் பதற்றம், நித்திரைக் கோளாறு ஆகியவை வரலாம். அநேகருக்கு ஓரிரு கிழமையிற் தணியும். இங்கே ஒரு சங்கடம் உண்டு. நன்மை தெரிவதற்கு இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும், சிலருக்கு அதற்கு மேலும். தொந்தரவோ முதல் நாளிலேயே வந்துவிடும். முன்னரே ஒருவர் இதைச் சொல்லாவிட்டால், 'மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஐந்தாம் நாளிலே எறிந்துவிடுவது இயல்பு.

வேறொன்றை, பெரியோர் இருக்கும் சபையிலே சுருக்கமாகச் சொல்கிறேன். இம்மருந்துகள் தாம்பத்திய வாழ்விலே ஆசையையும் ஆற்றலையும் குறைக்கக்கூடும், ஆண்களுக்கும் பெண்களுக்கும். இது அபூர்வமன்று, அடிக்கடி நேர்வது. கேட்க வெட்கம், சொல்ல வெட்கம். ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இதற்கு வழி செய்யலாம். வைத்தியருக்கு இது புதிய சங்கதி அல்ல. உங்களுக்கு முன்னால் பலர் அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

வயோதிபருக்கு இந்தப் புதிய மருந்துகள் இரத்தத்திலுள்ள உப்பைக் குறைத்துவிடலாம். சலம் பெருகுவதற்கென்று இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் குளிகையையும் சேர்த்து எடுப்போருக்கு இது இன்னும் அதிகம். பாட்டி திடீரென்று தடுமாறுகிறார், ஆளை மாறிக் கூப்பிடுகிறார் என்றால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஓர் இரத்தப் பரிசோதனை செய்விக்கலாம். அஸ்பிரின், வார்பரின், மூட்டுவலிக் குளிகைகள் ஆகியவற்றோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடும். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்கலாகாது. சித்தலோப்பிராம் அதிக அளவிலே இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்து, நாளொன்றுக்கு 40 மில்லிகிராமே எல்லை என்று வைத்தது. 60 வயதைக் கடந்தோருக்கு எல்லை 20 மில்லிகிராம்.

இரண்டு மருந்து கூடுவதால் வரும் ஆபத்து வேறொன்றும் உண்டு. முறிவு, சத்திரசிகிச்சை முதலியவற்றின் வலிக்குத் திரமடோல் என்னும் குளிகை எழுதுவார்கள். இருமல் பாணிகள் சிலவற்றிலே டெக்ஸ்ரோமெதோர்பன் என்பது கலந்திருக்கும். இவை மனச்சோர்வு மருந்தோடு கூடும்போது சிலருக்கு உடல் நடுங்கி, வியர்த்து, காய்ச்சல் கண்டு, மனம் கலங்கும். அரிது, ஆனால் உயிராபத்தாய் முடியலாம். பாமசியிலே நின்று, 'இருமலுக்கு ஏதாவது தாருங்கள்' என்று கேட்கும்போது, கூட நிற்பவர் காதிலே விழுமே என்று மற்ற மருந்தைச் சொல்லாமல் விடுகிறோம். காதிலே விழட்டும்.

இன்னொன்று: நமது பெரியவர்களில் பலர் நீரிழிவுக்கு ஓர் இடமும் இருதயத்துக்கு இன்னோரிடமும் மனத்துக்கு வேறோரிடமுமாக மூன்று கிளினிக் கொப்பிகள் வைத்திருக்கிறார்கள். மூன்று கொப்பிகளும் ஒன்றையொன்று கண்டதில்லை. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிகள் இரண்டு பெயரிலே விற்கும். இரண்டையும் ஒருவரே விழுங்குவார். மருந்துகளை வியாபாரப் பெயரால் அன்றி அவற்றின் சொந்தப் பெயரால் எழுதவேண்டும் என்று பாடுபட்டவர் நமது நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியதும் அவர் முயற்சியாலேயே. பெட்டியிலே பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே சின்ன எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். சங்கத்துத் தம்பிமாரே, தங்கைமாரே, இந்த வாரம் வீட்டிலே பாட்டன் பாட்டியின் மருந்துகளை ஒரு தாளிலே சொந்தப் பெயர்களால் எழுதிக் கொடுங்கள். ஒரு மணித்தியால வேலை. எத்தனை இரட்டைகள் அகப்படும் என்று பாருங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'இதற்குத்தான் இங்கிலீசு மருந்தே வேண்டாம் என்கிறோம்; நமது மூலிகையில் பக்கவிளைவு இல்லை' என்று சிலர் மனதுக்குள்ளே சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. நமது வைத்தியத்தை நான் இகழவில்லை. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் கதையை மட்டும் சொல்கிறேன். மனக்கொதிப்புக்கும் நித்திரையின்மைக்கும் நமது வைத்தியர்கள் வழிவழியாகக் கொடுத்து வந்த வேர் அது. 1931இலே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள வைத்தியர்கள் அது இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறதென்று எழுதினார்கள். 1949இல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் வகீல் என்னும் வைத்தியர் அதனை ஆங்கில வைத்திய உலகம் முழுவதும் அறியச் செய்தார். 1952இல் சுவிற்சலாந்திலே அந்த வேரிலிருந்து றிசேர்ப்பீன் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பல நாடுகளில் இரத்த அழுத்தத்துக்கு அது நல்ல மருந்தாக விளங்கிற்று. சில வருஷத்திலே என்ன கண்டார்கள்? அதை எடுத்தவர்களிற் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தார்கள்! அந்தச் சோர்வு எவ்வளவு பேருக்கு மருந்தினாலேயே வந்தது என்பது பற்றிப் பின்னர் வாதம் எழுந்தது. எனினும் மனச்சோர்வின் இரசாயனத்தைப்பற்றி உலகம் யோசிக்கத் தொடங்கியதற்கு நமது காட்டு வேரும் ஒரு காரணம். வேர் மண்ணில் முளைத்தாலும் சத்து சத்துத்தான். மூலிகை எடுப்போர் எடுங்கள். எடுப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி, வாலிபர்களாகிய எங்களைப் பற்றிய விஷயம். 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இம்மருந்துப் பெட்டிகளின்மேல் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிடும்படி கட்டளையிட்டது. சிறுவரும் இளைஞரும் 4,400 பேருக்கு மேல் பங்குபற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தற்கொலை எண்ணமோ அதற்கொத்த செய்கையோ மருந்து எடுத்தோரில் நூற்றுக்கு 4 பேரிடமும், வெறுங்குளிகை எடுத்தோரில் நூற்றுக்கு 2 பேரிடமும் காணப்பட்டது. அவ்வாய்வுகளிலே ஒருவரும் உயிரிழக்கவில்லை. 2007இல் அந்த எச்சரிக்கையை 24 வயதுவரை நீட்டினார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இந்த அதிகரிப்புக் காணப்படவில்லை. 65 வயதைக் கடந்தோரிடம் மருந்து அந்த ஆபத்தைக் குறைக்கவே செய்தது.

எனக்கு வயது 22. ஆகவே அந்தக் கறுப்புக் கட்டம் என் போன்றோருக்காக அச்சிட்டது. அதை நான் எவ்விதம் விளங்கிக்கொள்கிறேன் என்றால், மருந்து வேண்டாம் என்றல்ல. சோர்வே உயிரைக் குடிக்கும் வியாதி என்பதை நாம் அறிவோம். முதல் சில கிழமைகளிலும், அளவை மாற்றும்போதும், அந்தப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்பதே அதன் பொருள். உட்காரமுடியாத தவிப்பு, நித்திரையின்றி உலாவுதல், புதிதாய் வந்த கோபம், உயிர் வெறுத்த பேச்சு - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் தினம் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லவேண்டும். யார் காண்பது? கூட இருப்பவர். கூட இருப்பவருக்கு மருந்து எடுக்கும் செய்தியே தெரியாவிட்டால்?

குளிகைகளை எங்கே வைப்பது என்பதும் சிறிய விஷயமன்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பின்னர் அது பெரிதும் குறைந்தது. அதற்கு ஒரு முக்கிய காரணம், கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தமை என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். மனம் கலங்கிய அந்தச் சில நிமிஷத்திலே கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லையென்றால் அநேகர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மருந்து எடுப்பவர் மிகச் சோர்ந்திருக்கும் நாட்களில், விசேஷமாகப் பழைய மருந்துகளை, வீட்டில் ஒருவர் தம் பொறுப்பிலே பூட்டி வைத்து அன்றன்றைக்குக் கொடுப்பது நல்லது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டிலே சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு தொல்லைக்குப் பலன் உண்டா என்பது நியாயமான கேள்வி. 2018இல் லண்டனிலே வெளிவந்த ஓர் ஆய்வு, 21 மருந்துகளைப்பற்றிய 522 பரிசோதனைகளையும் அவற்றிற் பங்குபற்றிய 116,477 பேரையும் சேர்த்து நோக்கிற்று. வளர்ந்தோரிலே 21 மருந்தும் வெறுங்குளிகையைக் காட்டிலும் நல்ல பலன் தந்தன. ஆனால் அந்த வித்தியாசம் மாபெரும் வித்தியாசமன்று, நடுத்தரமானது. எந்த மருந்தும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. முதல் மருந்திலே முற்றாய்ச் சுகப்படுவோர் மூன்றில் ஒரு பங்கு என்னலாம். மற்றவர்க்கு மாற்றிப் பார்க்க வேண்டிவரும். மூளையிலே செறற்றோனின் என்னும் பொருள் குறைவதுதான் மனச்சோர்வு என்று நமக்குச் சொல்லித் தந்த எளிய விளக்கமும் இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. 2022இல் லண்டன் பேராசிரியை ஜோவானா மொன்கிறீப் அதற்கு உறுதியான சான்று இல்லையென்று எழுதினார். விளக்கம் பிழையென்றால் மருந்தும் பிழை என்று ஆகிவிடாது. பனடோல் போட்டால் தலைவலி போகிறது. தலைவலி பனடோல் குறைவினால் வந்ததா என்ன? இலேசான சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே முதலில் போதும் என்பதும், கடும் சோர்விலே மருந்தின் உதவி கூடத் தெரியும் என்பதும் வைத்தியர் பலரின் கருத்து.

கடைசியாக, நிறுத்துவது. இம்மருந்து சாராயம்போல் ஆசையை வளர்ப்பதன்று. ஆனால் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வந்தது. வெறுங்குளிகையை நிறுத்தியவர்களிலும் 17 பேருக்கு வந்தது! கடுமையாக வந்தது நூற்றுக்கு மூன்று பேருக்கு. சின்னம்மா அந்த மூவரில் ஒருவர் போலும். வென்லபக்சீனும் பறொக்செற்றீனும் உடலைவிட்டு விரைவாய் வெளியேறுபவை. ஆதலால் அவற்றைச் சட்டென்று விட்டால் தாக்கம் அதிகம். புளுவொக்செற்றீன் வாரக்கணக்கிலே மெல்லமெல்லப் போகும். எதுவாயினும் வைத்தியரோடு பேசி, கிழமைக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாய்க் குறைக்கவேண்டும். சுகமாகிவிட்டது என்று தாமே நிறுத்துவதும், கர்ப்பம் என்றறிந்த பயத்தில் தாமே நிறுத்துவதும், விரதத்துக்காக நிறுத்துவதும், கடையில் இல்லையென்று பேசாமல் இருந்துவிடுவதும் எல்லாம் ஒன்றுதான். கடையில் இல்லாவிட்டால் அதற்கீடான வேறொன்றை வைத்தியர் தருவார். குளிகை தீருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே தேடத் தொடங்கவேண்டும்.

நமது சந்தியிலிருந்து அம்பத்தலைப் பக்கமாகப் போகும் வீதியிலே சில மைல் போனால் அங்கொடை வரும். 'உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்' என்று விளையாட்டாகச் சொல்லாதவர் இந்த மண்டபத்திலே எத்தனை பேர்? நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு தரம் சின்னம்மாவுக்கு முன்னாலேயே. அப்பொழுது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு போத்தல் பருப்பு டின்னுக்குப் பின்னால் இன்னும் ஒரு சாண் உள்ளே போயிருக்கும். அங்கொடையிலே இன்று இருப்பது தேசிய மனநல நிறுவகம். அதன் 1926 என்னும் இலக்கத்தைத் தொலைபேசியில் அழுத்தினால் இரவு பகல் எந்நேரமும் ஒருவர் பேசுவார். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ சங்கத்தாரும் பெயர் கேளாமல் காது கொடுப்பார்கள்.

சின்னம்மா இப்போது சேர்ட்ரலீன் எடுக்கிறார். போத்தல் சாப்பாட்டு மேசையிலே, ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆரம்பத்திலே கொஞ்சம் குமட்டல் இருந்தது. பாட்டிதான் அதைக் கண்டு, சாப்பிட்டபின் போடு என்றார். தீர நாலு நாள் இருக்கும்போதே பாட்டி சத்தம்போடத் தொடங்கிவிடுவார். நேர்த்தியையும் அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நடக்கிறது.

எனக்குத் தந்த நேரம் கடந்துவிட்டது. தேநீர் ஆறுகிறது என்று காரியதரிசி அண்ணன் சைகை காட்டுகிறார். கேள்வி உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். எல்லோருக்கும் முன்னால் கேட்க விருப்பமில்லையென்றால், நான் வாசற்படியில் நிற்பேன்.